டெலிட் ஃபால்ஸ் என்றாலும் அழித்த கருவி

அக்காவின் போன் வந்தபோது உக்கடம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். மணி ஆறே முக்கால் இருக்கும்.

"தம்பி, நாளைக்குக் காலையில பார்ட்டி நேர்ல வர்றாங்களாம். சுருக்கின படம் வேண்டாம், முதல்ல எடுத்த ஸ்கேனையே பார்க்கணும்ங்கறாங்க. அழிக்காம ஓட்ட முடியுங்களா?"

"முடியுங்க்கா. வழக்கமா ஓட்டற கமாண்டோட கடைசியில டெலிட் ஃபால்ஸ்னு சேர்த்துக்குங்க."

"ரெண்டு கோடு போடணுங்களா?"

"டெலிட்டுக்கு முன்னாடி ரெண்டு கோடு. ஃபால்ஸுக்கு ஒண்ணும் வேண்டாங்க்கா."

இருபது நிமிடத்தில் மறுபடி போன். "தம்பி, ஃபோல்டர் காலியா இருக்குது."

2018-இல் நடந்தது இது. கோவையில், பழைய பத்திரங்களையும் கோப்புகளையும் ஸ்கேன் செய்து கொடுக்கும் ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை பார்த்தேன். மொத்தமே எட்டுப் பேர். கம்ப்யூட்டர் தெரிந்தவன் நான் ஒருவன். ஸ்கேனர் தெரிந்தவர் அக்கா. ஒரு ஏ4 பக்கத்தை 300 டிபிஐ-யில் கலராக எடுத்து, சுருக்காமல் டிஃப் ஆக வைத்தால் சுமார் 26 எம்பி. ஒரு நாளைக்கு 1400 பக்கம் என்றால் 36 ஜிபி. ஸ்கேன் கணினியில் இருந்தது 256 ஜிபி வட்டு. ஒரு வாரம்கூடத் தாங்காது. அதனால் பைதானில் ஒரு கருவி எழுதியிருந்தேன். டிஃப்களைச் சின்ன ஜேபெக் ஆக மாற்றி சர்வரில் போடும்; மாற்றி முடித்ததும் இங்கிருக்கும் டிஃப்களை அழித்துவிடும். அழிப்பதுதான் வழக்கம், வேண்டாமென்றால் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன். அந்த "வேண்டாம்" எப்படி வந்து சேர்கிறது என்பதை மட்டும் பார்க்கவில்லை.

(கமாண்டுகளை இங்கே தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். டெர்மினலில் அடிக்கும்போது ஆங்கிலத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

நான் எழுதியிருந்த வரியை வாயால் சொன்னால் இப்படி: டெலிட் என்று ஓர் ஆப்ஷன், அதன் டைப் பூல் (ஆம்/இல்லை வகை), எதுவும் கொடுக்காவிட்டால் ட்ரூ, அதாவது ஆம். படித்தால் குற்றம் தெரியாது. ஆனால் கமாண்டு வரியைப் பிரித்துக் கொடுக்கும் பைதான் நூலகமான ஆர்க்பார்ஸில் டைப் என்று நாம் கொடுப்பது உண்மையில் ஒரு ஃபங்ஷன். கமாண்டு வரியில் வந்த சொல்லை எடுத்து அந்த ஃபங்ஷனுக்குள் போடுவார்கள். வெளியே வருவதுதான் மதிப்பு. பைதானின் பூலுக்குச் சரத்தை (எழுத்துக் கோவையை) பற்றி ஒரே கேள்விதான் தெரியும்: காலியா, காலியில்லையா? ஃபால்ஸ் என்ற ஆங்கிலச் சொல்லில் ஐந்து எழுத்து இருக்கிறது. காலியில்லை. ஆகவே ட்ரூ. நோ என்று கொடுத்திருந்தாலும் 0 என்று கொடுத்திருந்தாலும் ட்ரூதான். டீக்கடையில் "சர்க்கரை வேண்டாம்" என்று சொன்னவருக்கு, சர்க்கரை என்ற சொல் காதில் விழுந்ததுமே இரண்டு கரண்டி போட்டுக் கலக்கிய மாஸ்டர் மாதிரி.

சோதித்துப் பார்த்துத்தான் கொடுத்தேன். ஆப்ஷன் இல்லாமல் ஓட்டினேன், அழித்தது. ட்ரூ என்று கொடுத்து ஓட்டினேன், அழித்தது. ஃபால்ஸ் கொடுத்து ஒருமுறைகூட ஓட்டவில்லை. அழிக்கக்கூடாதபோது அழிக்காமல் இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றவே இல்லை.

பத்திரக் கட்டுகள் இன்னும் அலுவலகத்திலேயே இருந்ததால் தப்பித்தோம். கட்டைப் பிரித்து, மடிப்பு நீவி, மறுபடி ஸ்கேன் செய்ய அக்காவுக்கும் இன்னொருவருக்கும் இரண்டு நாள் ஆனது. பார்ட்டியை ஒரு வாரம் தள்ளி வரச் சொன்னோம். அக்கா என்னைத் திட்டவில்லை. "நான்தான் ஏதோ தப்பா அடிச்சுட்டேன் போல" என்று இரண்டு நாளும் சொல்லிக்கொண்டிருந்தார். அதைத்தான் என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

திருத்தம் எளிதுதான். ஆக்‌ஷன் என்ற இடத்தில் ஸ்டோர்-ட்ரூ என்று கொடுத்தால் ஆப்ஷனுக்கு மதிப்பே தேவையில்லை. எழுதினால் ஆம், எழுதாவிட்டால் இல்லை. பைதான் 3.9-இல் பூலியன்-ஆப்ஷனல்-ஆக்‌ஷன் என்று ஒன்று வந்தது. அது --டெலிட், --நோ-டெலிட் என்று இரண்டையும் தானே உண்டாக்கிக் கொடுக்கும். அன்று எங்களிடம் இருந்தது 3.6. அதனால் பெயரையே மாற்றினேன்: --டெலிட்-ஒரிஜினல்ஸ். எழுதினால்தான் அழிக்கும். நீளமாக இருக்கிறது என்று அக்கா முகம் சுளித்தார். அழிக்கிற ஆப்ஷன் அடிக்கச் சற்று நீளமாக இருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

இதற்கு முன்பே அந்தக் கருவி என்னை எச்சரித்திருக்கிறது. நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முதல் பதிப்பில் ஆர்க்பார்ஸ்கூடக் கிடையாது. கமாண்டில் அடித்த சொற்களைப் பைதான் வரிசையாக வைக்கும் சிஸ்-ஆர்க்வி பட்டியலில் முதலாவது எங்கிருந்து, இரண்டாவது எங்கே, அவ்வளவுதான். ஒருநாள் அக்கா இரண்டையும் மாற்றிக் கொடுத்துவிட்டார். கருவி சர்வர் ஃபோல்டரில் போய் டிஃப் தேடியது, ஒன்றும் கிடைக்கவில்லை, "முடிந்தது: 0 கோப்புகள்" என்று சொல்லிவிட்டு வெற்றிகரமாக வெளியே வந்தது. "முடிந்தது" என்ற சொல் மட்டும் அவர் கண்ணில் பட்டது. அடுத்த நாள் வட்டு நிரம்பியபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

ஒரே மாதிரியான இரண்டு பொருளை வரிசையை மட்டும் நம்பி வாங்கக்கூடாது. இருபது வருடம் லினக்ஸில் ஊறியவர்கள்கூட லிங்க் போடும் எல்என் கமாண்டில் எது முதலில், எது பிறகு என்று ஒரு நொடி நின்று யோசிப்பார்கள். --ஃப்ரம், --டு என்று பெயர் வைத்த பிறகு அந்தத் தவறு எங்களுக்கு ஒருமுறைகூட வரவில்லை. கூடவே இன்னொன்றும் செய்தேன்: ஒரு கோப்புகூடக் கிடைக்காவிட்டால் அது வெற்றி இல்லை. காரணத்தைச் சொல்லிவிட்டு பூஜ்யம் அல்லாத எக்ஸிட் கோடோடு (நிரல் முடியும்போது விட்டுச்செல்லும் எண்; பூஜ்யம் என்றால் வெற்றி) வெளியேறும்.

அந்த எக்ஸிட் கோடு எவ்வளவு முக்கியம் என்பது மூன்று இரவு கழித்துத் தெரிந்தது. சரியாகச் சொன்னால், மூன்று இரவு தெரியாமலே இருந்தது. ஆர்க்பார்ஸ் இயல்பாகவே சுருக்கத்தை ஏற்றுக்கொள்ளும். --வெரிஃபை என்று ஓர் ஆப்ஷன் இருந்தால் --வெரி என்று அடித்தாலும் போதும், முதல் சில எழுத்திலிருந்து ஊகித்துக்கொள்ளும். இது நான் எழுதிக் கொடுத்த வசதி இல்லை, கேட்காமலே வந்தது. குறித்த நேரத்தில் கமாண்டைத் தானே ஓட்டும் கிரானில், இரவுக்கான வரியில் சோம்பேறித்தனமாக மூன்றே எழுத்தில் --வெர் என்று எழுதியிருந்தேன். பல மாதம் ஓடியது. ஒருநாள் --வெர்போஸ் என்று புதிதாக ஒன்றைச் சேர்த்தேன். இப்போது --வெர் என்றால் இரண்டில் எது? தெளிவில்லை என்று சொல்லி, எக்ஸிட் கோடு 2 கொடுத்து நின்றுவிட்டது. கிரான் அதை ஒரு லோக்கல் மெயில்பெட்டிக்கு எழுதியது. அப்படியொரு பெட்டி இருப்பதே எனக்குத் தெரியாது.

அலோ-அப்ரெவ் என்பதை ஃபால்ஸ் ஆக்கினால் இந்த ஊகம் நிற்கும், 3.5-இலிருந்து இருக்கிறது. ஆனால் 3.8-க்கு முன்பு அதை அணைத்தால் -விவி மாதிரி ஒற்றை எழுத்து ஆப்ஷன்களைச் சேர்த்து எழுதுவதும் கூடவே செத்துவிடும். அதையும் நான் அடிபட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இப்போது எந்தப் புதுக் கருவி எழுதினாலும் முதல் வரியிலேயே சுருக்கத்தை அணைத்துவிடுகிறேன். மனிதர்கள் ஊகித்துக்கொள்ளட்டும். கருவிக்கு அந்த வேலை வேண்டாம். ஸ்கிரிப்டுக்குள் எழுதும்போது முழுப் பெயரையே எழுத வேண்டும். ஒற்றை எழுத்துச் சுருக்கம் எல்லாம் டெர்மினலில் கையால் அடிப்பதற்கு.

இப்படி ஆளுக்கொரு விதமாக இருப்பதற்கு ஒரு பழங்கதை உண்டு. யூனிக்ஸின் தொடக்க காலத்தில் ஒவ்வொரு கருவியும் தன் ஆர்கியூமெண்டை (கமாண்டுக்குப் பின்னால் நாம் அடிப்பதை) தானே பிரித்துக்கொண்டது. வட்டை நகலெடுக்கும் டிடி-யில் இன்றும் ஐஎஃப், ஓஎஃப் என்று சமக்குறி போட்டு எழுதுகிறோம். கோப்புகளை ஒரே கட்டாக்கும் டார் கமாண்டுக்குக் கோடே போடாமல் எழுதினாலும் ஓடும். கோடு போட்டு, கோப்பின் பெயரைக் கேட்கும் எஃப் எழுத்தை சி-க்கு முன்னால் எழுதினால் மட்டும், "சி" என்பதையே கோப்பின் பெயராக எடுத்துக்கொள்ளும். எல்லாவற்றையும் ஒரு வழிக்குக் கொண்டுவரத்தான் கெட்ஆப்ட் என்ற பொது நிரல்பகுதி வந்தது. ஏடி அண்ட் டி அதன் மூலநிரலை 1985-இல் டல்லாஸில் நடந்த யூனிஃபோரம் மாநாட்டில் எல்லோருக்கும் பொதுவாக்கியது. நீளப் பெயரும் இரட்டைக் கோடும் க்னூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டம் வழியாகப் பரவின. வெறும் இரட்டைக் கோடு மட்டும் தனியாக வந்தால் "இதற்குமேல் ஆப்ஷன் இல்லை" என்று பொருள் என்பது யூனிக்ஸ் வகைகளுக்குப் பொதுவான போசிக்ஸ் விதிகளில் இருக்கிறது. இதைப் படித்து வைத்திருந்தேன். தேவைப்படும் என்று நினைக்கவில்லை.

தேவைப்பட்டது. பத்திரத்தின் பின்பக்கத்தில் முத்திரை இருந்தால் அதையும் ஸ்கேன் செய்வோம். புதிதாகச் சேர்ந்த பையன் பின்பக்கங்களுக்குத் தன் கணக்கில் மைனஸ் போட்டுப் பெயர் வைத்திருந்தான்: 12-ஆம் பக்கத்தின் முதுகு -12.டிஃப். நல்ல யோசனைதான். என் ஷெல் ஸ்கிரிப்டில் நட்சத்திரக் குறி போட்டு எல்லா டிஃப்களையும் நகலெடுக்கும் சிபி-க்கு அனுப்பும் வரி இருந்தது. நட்சத்திரத்தை விரிப்பது ஷெல், அதாவது டெர்மினலில் அடிப்பதை வாங்கி நிரலுக்கு அனுப்புவது. சிபி அதைப் பார்ப்பதே இல்லை. அதன் கைக்கு வருவது பெயர்ப் பட்டியல்தான். அதில் கோட்டில் தொடங்கும் ஒன்று வந்தால் அது கோப்பா, ஆப்ஷனா என்று அதற்கு எப்படித் தெரியும்? "1 என்று ஓர் ஆப்ஷன் கிடையாது" என்று சொல்லிவிட்டு நின்றது. நின்றதே புண்ணியம். அழிக்கும் ஆர்எம் கமாண்டுக்கு நட்சத்திரம் போட்ட ஃபோல்டரில் -ஆர்எஃப் (கேட்காமல், உள்ளிருப்பதையும் சேர்த்து அழி) என்ற பெயரில் ஒரு கோப்பு இருந்திருந்தால் சத்தமே இல்லாமல் வேலை முடிந்திருக்கும்.

ஆர்க்பார்ஸ் இந்த இடத்தில் இன்னும் வேடிக்கை. வெறும் -12 என்று வந்தால், எண் போல் தோன்றும் ஆப்ஷன் எதையும் நாம் வைத்திருக்காதவரை, மைனஸ் எண் என்று எடுத்துக்கொண்டு ஏற்கும். -12.டிஃப் என்றால் ஆப்ஷன் என்று மறுக்கும். கோட்டில் தொடங்கி நடுவில் ஓர் இடைவெளி இருந்தால், இது ஆப்ஷனாக இருக்காது என்று மறுபடி ஏற்றுக்கொள்ளும். இவ்வளவு ஊகத்தையும் மனத்தில் வைத்துக்கொண்டு யாரால் கமாண்டு எழுத முடியும்? நட்சத்திரத்துக்கு முன்னால் புள்ளியும் சாய்கோடும் போட்டுவிட்டேன். எந்தப் பெயரும் இனிக் கோட்டில் தொடங்காது. பையனிடம் பெயர் வைக்கும் முறையை மாற்றச் சொல்லலாமே என்றார் முதலாளி. சொல்லலாம். அடுத்த பையன் வேறொன்று வைப்பான்.

பெயரில் இடைவெளி இருந்தால் ஷெல் அதை இரண்டாக வெட்டிவிடும் என்ற விஷயத்தை நீட்டத் தேவையில்லை, எல்லோரும் ஒருமுறை பட்டிருப்பார்கள். ஷெல் மாறிகளை இரட்டை மேற்கோளுக்குள் வையுங்கள், எல்லா ஆர்கியூமெண்டையும் கடத்தும்போது டாலர்-அட் குறியையும் மேற்கோளுக்குள் வையுங்கள். கண்ணால் பார்க்க ஒன்றுமே இல்லாத அந்த ஓர் எழுத்து என்ன செய்யும் என்பதற்கு 2011-இல் பம்பிள்பீ என்ற லினக்ஸ் திட்டத்தில் நடந்ததே சாட்சி. அதன் நிறுவல் ஸ்கிரிப்டில் ஆர்எம் வரியில், நிரல்கள் குடியிருக்கும் யூஎஸ்ஆர் என்பதற்குப் பின் ஒரு இடைவெளி தவறுதலாக விழுந்துவிட்டது. ஒரு பாதை இரண்டு ஆர்கியூமெண்ட் ஆனது. நிறுவியவர்களின் கணினியில் யூஎஸ்ஆர் ஃபோல்டர் மொத்தமும் போனது.

விண்டோஸ் வேறு உலகம். 2019-இல் இரண்டாவது ஸ்கேனர் வாங்கியபோது அதன் டிரைவர் விண்டோஸுக்கு மட்டும்தான் இருந்தது. அதே கருவியை அங்கே போட்டேன். அக்கா --ஃப்ரம் என்று அடித்து, மேற்கோளுக்குள் டி டிரைவின் ஸ்கேன் ஃபோல்டரைக் கொடுத்து, ஒழுங்காகக் கடைசியில் பின்சாய்கோடும் போட்டு மேற்கோளை மூடினார். பிறகு --டு, பிறகு மேற்கோளுக்குள் சர்வர் பாதை. கருவி, "--டு கொடுக்கவில்லை" என்றது. "கண்ணு முன்னாடி இருக்குதே தம்பி!" என்றார். இருந்தது.

லினக்ஸில் ஷெல் பிரித்து முடித்த பட்டியல்தான் நிரலுக்கு வரும். விண்டோஸில் முழு வரியும் ஒரே சரமாக வரும். பிரிப்பது நிரலின் பாடு. வழக்கமான விதிப்படி, மேற்கோளுக்கு முன்னால் பின்சாய்கோடு வந்தால் அது மூடும் மேற்கோள் இல்லை, வெறும் ஓர் எழுத்து. அதனால் ஃபோல்டர் பெயர் மூடவே இல்லை. --டு என்பதையும் விழுங்கி, சர்வர் பாதையையும் விழுங்கி, எல்லாம் சேர்ந்து --ஃப்ரம்-இன் மதிப்பாகிவிட்டது. கடைசிப் பின்சாய்கோட்டை எடுத்ததும் ஓடியது. அன்றிலிருந்து எந்தப் பிழைச் செய்தியிலும், எனக்கு வந்து சேர்ந்தது இதுதான் என்று ஒவ்வொரு ஆர்கியூமெண்டையும் தனித்தனி வரியில் அடைப்புக்குறிக்குள் அச்சிடுகிறேன். என் கருவிகளில் நான் சேர்த்தவற்றிலேயே அதிகம் உதவியது அதுதான். நட்சத்திரத்தை விண்டோஸின் சிஎம்டி விரித்துக் கொடுக்காது என்பதும், ஒற்றை மேற்கோள் அங்கே மேற்கோளே இல்லை என்பதும் அந்த அச்சைப் பார்த்துத்தான் எனக்கே புரிந்தன.

அதே அச்சில்தான் இன்னொரு திருடனும் பிடிபட்டான். வாட்ஸப்பில் கமாண்டை அனுப்புவேன். அக்கா நகலெடுத்து ஒட்டுவார். ஐபோனில் அடிக்கும்போது இரண்டு சிறு கோட்டை அது ஒரு நீளக் கோடாக மாற்றிவிடும். வேர்டும் அப்படித்தான். மேற்கோள்களும் வளைந்துகொள்ளும். டெர்மினல் எழுத்துருவில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. கருவியில் ஒரு சோதனை சேர்த்தேன்: ஏதாவது ஆர்கியூமெண்ட் நீளக் கோட்டில் தொடங்கினால், "இது வாட்ஸப் கோடு, கையால் இரண்டு முறை அடியுங்கள்" என்று சொல்லும். திருத்தி ஓட்டலாமே என்று கேட்கலாம். ஊகித்துப் பட்டது போதும்.

தமிழ்ப் பெயர்கள் தனிக் கதை. ஊர் வாரியாகப் பிரிக்க --ஊர் என்று ஓர் ஆப்ஷன் வைத்தோம். தொண்டாமுத்தூர் என்று கொடுத்தால் 0 கோப்புகள். ஃபோல்டரில் பார்த்தால் தொண்டாமுத்தூர் என்ற பெயரில் வரிசையாகக் கிடக்கின்றன. அவை ஒரு பழைய மேக்கில் ஜிப் செய்து வந்தவை. தொண்டாமுத்தூர் நம் கணக்கில் 7 எழுத்து. அக்கா அடித்ததைப் பைதானில் எண்ணினால் 14. மேக்கிலிருந்து வந்ததை எண்ணினால் 15. யூனிகோடில் ஒகர உயிர்மெய்க் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். இரு பக்கத்தையும், ஒரே குறியாக எழுதும் என்எஃப்சி வடிவத்துக்கு நார்மலைஸ் செய்துவிட்டு ஒப்பிட்டதும் சரியானது. ஆனால் கோப்பைத் திறக்கும்போது நார்மலைஸ் செய்யாத பழைய பெயரையே கொடுக்க வேண்டும். லினக்ஸுக்கு அவை வேறு வேறு பெயர்கள். முதல் நாள் அதையும் மறந்து, "கோப்பு இல்லை" என்று ஐம்பது வரி வாங்கினேன்.

சர்வர் பாஸ்வேர்டை --பாஸ்வேர்ட் என்று வாங்குவது பற்றி ஒரு வரி போதும்: வாங்காதீர்கள். ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் பிஎஸ் கமாண்டு அடிக்கும் எவருக்கும் தெரியும், ஷெல் ஹிஸ்டரியிலும் தங்கிவிடும். கோப்பிலிருந்தோ, கேட்டோ வாங்கலாம்.

"ஆர்கியூமெண்ட் பட்டியலில் முதலாவது நிரலின் பெயர், அது எப்போதும் இருக்கும்" என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். 2022 ஜனவரியில் குவாலிஸ் நிறுவனம் வெளியிட்ட பிகேஎக்ஸெக் (லினக்ஸில் வேறொருவர் உரிமையோடு நிரலை ஓட்டும் கருவி) ஓட்டையைப் படித்தபோது அந்த நம்பிக்கையும் போனது. அன்று லினக்ஸில் ஒரு நிரலை முற்றிலும் காலிப் பட்டியலோடு தொடங்க முடிந்தது. அப்படித் தொடங்கினால் பிகேஎக்ஸெக் பட்டியலுக்கு வெளியே போய், அடுத்திருந்த என்விரான்மென்ட் மாறியை ஆர்கியூமெண்ட் என்று எண்ணிப் படித்தது; அந்த வழியாகச் சாதாரண ஆள், முழு அதிகாரம் உள்ள ரூட் ஆக முடிந்தது. 2009-இலிருந்தே இருந்த பிழை. இதைப் படித்த அன்று மாலை என் பழைய கருவிகளைத் திறந்து பார்த்தேன். எல்லாம் பைதான், அந்த ஆபத்து எனக்கு இல்லை. இருந்தாலும் பார்த்தேன்.

அழிக்கும் விஷயத்தில் ஒரு தவறான பாதையிலும் போனேன். ஃபால்ஸ் சம்பவத்துக்குப் பிறகு பயந்துபோய், எல்லாவற்றுக்கும் "நிச்சயமா? ஒய்/என்" என்று கேட்க வைத்தேன். ஒரு வாரத்தில் அக்காவின் கை, கேள்வி வருவதற்கு முன்பே ஒய் அடிக்கப் பழகிவிட்டது. பிறகு கேள்வியை எடுத்துவிட்டு, அழிப்பதற்குப் பதிலாக அன்றைய தேதியிட்ட குப்பை ஃபோல்டருக்கு நகர்த்தி, மூன்று நாள் கழித்துத்தான் உண்மையில் அழிக்கும்படி செய்தேன். மூன்று நாளுக்கு வட்டில் இடம் இருந்தது. அந்த ஃபோல்டருக்குள் போய் எடுக்க வேண்டிய தேவை அதன்பிறகு இரண்டு முறை வந்தது. ஒருமுறை எனக்கே.

கடைசியாக ஹெல்ப். ஆங்கிலத்தில் இருந்ததை அக்கா படிக்கவே இல்லை. தினமும் ஓட்டும் நான்கு கமாண்டுகளை ஒரு சீட்டில் எழுதி மானிட்டரின் ஓரத்தில் ஒட்டி வைத்திருந்தார். அந்தச் சீட்டை அப்படியே வாங்கி, அவர் எழுதிய சொற்களிலேயே, ஹெல்ப்பின் முதல் நான்கு வரியாகப் போட்டேன். "எங்கேர்ந்து", "எங்கே", "ஒரிஜினலை அழிக்கணும்னா மட்டும்". ஆப்ஷன்களின் விளக்கத்தையும் தமிழாக்கியதில் வலப்பக்கப் பத்தி கோணிக்கொண்டது. ஆர்க்பார்ஸ் அகலத்தை யூனிகோடு குறிகளை எண்ணித்தான் கணக்கிடும்; புள்ளியையும் கொம்பையும் அது தனித்தனி எழுத்தாக எண்ணுகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதை நேராக்க முயன்றேன். திங்கட்கிழமை அக்கா ஓட்டிப் பார்த்தார்.

"கோணலாத்தான் இருக்குது. அதுக்கென்னங்க தம்பி, புரியுது" என்றார். சீட்டு மட்டும் மானிட்டரிலேயே இருந்தது.